தம்பியின் அறைச் சுவரில் ஐந்து புத்தர்கள்

கேள்வி: என் தம்பி ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வருடம் பயிற்சிக்காக ஒசாகாவுக்கு அனுப்பினார்கள். அங்கே உடன் வேலை செய்தவர்களோடு கோயாசான் என்ற மலைக்குப் போயிருக்கிறான். கோயிலில் அவன் கண்ணைக் கட்டி, கையில் பூவைக் கொடுத்து, கீழே விரித்திருந்த படத்தின் மேல் போடச் சொன்னார்களாம். திரும்பி வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டான். அறைச் சுவரில் ஒன்பது கட்டம் போட்ட பெரிய படம், கட்டத்துக்குள் கட்டமாக நூற்றுக்கணக்கான உருவங்கள். பக்கத்தில், நெருப்புக்கு நடுவே வாளும் கயிறும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஓர் உருவம். விடியற்காலையில் எழுந்து விரல்களைப் பின்னிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறான். கேட்டால் "ஐந்து புத்தர்கள்" என்கிறான், "பிரபஞ்சமே ஒரு புத்தர்" என்கிறான். அங்கே ஹோமம்கூட நடக்குமாம்.

அப்பா அம்பேத்கரைப் படித்துப் பௌத்தம் தழுவியவர். இங்கே சிட்கோவில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இதுக்கா நான் எல்லாச் சாமியையும் விட்டுட்டு வந்தேன்?" என்று கத்திவிட்டு அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மாவோ, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போகலாம் என்று அழுகிறார். நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இது பௌத்தம்தானா? அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமா?
– ச. தே., திருமுடிவாக்கம்

பதில்: அன்புள்ள ச. தே. அவர்களுக்கு,

பயப்பட வேண்டாம் அம்மா. உங்கள் தம்பி மாட்டியிருப்பது செய்வினைப் படமல்ல. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஜப்பானில் நடந்துவரும் ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் மண்டலம் (தியானத்துக்கான வரைபடம்) அது. கண்ணைக் கட்டிப் பூப்போடும் சடங்கைக் கோயாசானில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பொதுமக்களுக்காகவே நடத்துகிறார்கள். வீட்டைத் துறக்க வேண்டியதில்லை, எதற்கும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பதுமில்லை. ஆகவே மந்திரிக்கிறவரிடம் போகும் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். அம்மாவின் பயம் உண்மையானது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் கேள்வி வேறு வகை. அது பயத்தில் கேட்ட கேள்வி இல்லை, கொள்கையில் நின்று கேட்ட கேள்வி. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளில் பல, பழைய தெய்வங்களை வணங்க மாட்டேன் என்பவை. புத்தர் வழி காட்டுகிறவர், மோட்சம் வழங்குகிறவரல்ல என்று 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அவர் அழுத்தமாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் "பிரபஞ்சமே ஒரு புத்தர்" என்று மகன் வந்து சொன்னால், முன்வாசலில் அனுப்பிய கடவுள் பின்வாசலில் வந்துவிட்டாரோ என்று அப்பாவுக்குத் தோன்றத்தான் செய்யும். கோபம் நியாயமானது. முடிவு மட்டும் கொஞ்சம் அவசரமானது என்பேன்.

முதலில் இந்தப் புத்தர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம்.

புத்தர் ஒருவர் மட்டுமல்ல என்பது மகாயானம் (பெருவழிப் பௌத்தம்) கண்டுபிடித்த செய்தியல்ல. பாலி மரபிலேயே கௌதமருக்கு முன் பல புத்தர்கள் உண்டு. சாஞ்சியிலும் பர்ஹூத்திலும் அவர்களை மரங்களாகவும் தூபிகளாகவும் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் புத்தர்களின் வரலாறு சொல்லும் 'புத்தவம்சம்' என்ற நூலுக்கு உரை எழுதியவர் என்று மரபு சொல்வது நம் சோழநாட்டுப் புத்ததத்தரை. காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்துகொண்டு எழுதினார் என்கிறார்கள். அவர் தேரவாதி (பாலி நூல்வழிப் பௌத்தர்). அப்பாவுக்குப் பிடித்த பக்கத்துக்காரர்தான்.

மகாயானம் செய்தது என்னவென்றால், காலத்தில் வரிசையாக நின்ற புத்தர்களைத் திசைகளிலும் பரப்பியது. முன்னொரு காலத்தில் மட்டும்தானா, இதே நேரத்தில் வேறு உலகங்களில் புத்தர்கள் இருக்கமாட்டார்களா என்று கேட்டார்கள். கிழக்கே அட்சோபியர், மேற்கே அமிதாபர் என்று நூல்கள் வந்தன. இது ஏதோ சீனத்துக் கற்பனை என்று சிலர் சொல்வார்கள். மதுராவுக்கருகே கோவிந்த நகரில் 1977இல் கிடைத்த ஒரு பீடத்தில் அமிதாபர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. குஷாண மன்னன் ஹுவிஷ்கன் காலம், அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டு. சிலை உடைந்துபோய்க் கால்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இந்த இருவரின் கதையையும் கவனியுங்கள். அமிதாபர் ஒரு காலத்தில் தர்மாகரர் என்ற துறவி. எல்லாரும் துன்பமின்றி அறம் பழக ஓர் உலகம் அமையாதவரை நான் புத்தராக மாட்டேன் என்று சபதங்கள் எடுத்தவர். அட்சோபியரும் ஒரு துறவிதான். எந்த உயிரின் மீதும் இனி சினம் கொள்ளமாட்டேன் என்று ஒரு புத்தர் முன் உறுதி எடுத்து, அதிலிருந்து அசையாமல் நின்றதால் அந்தப் பெயர் பெற்றவர். இருவருமே உழைத்துப் புத்தரானவர்கள்; உலகைப் படைத்ததாக ஒருவர் மீதும் கதை இல்லை. அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

வைரோசனர் (எங்கும் ஒளிர்பவர்) விஷயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஜப்பானியர் தைநிச்சி என்று சொல்வது இவரைத்தான். உங்கள் தம்பி "பிரபஞ்சமே ஒரு புத்தர்" என்றதும் இவரை மனத்தில் வைத்துத்தான். இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சிக்கலுக்குப் போக வேண்டும். புத்தர் உடலை விட்டபின் அவர் எங்கே? பாலி நூல்களில் வக்கலி என்ற துறவியின் கதை உண்டு. நோயில் படுத்தவர், புத்தரை நேரில் பார்க்க ஏங்குகிறார். புத்தர் அவர் படுக்கைக்கே வந்து, இந்த அழுகிப்போகும் உடலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, தம்மத்தைக் காண்பதே என்னைக் காண்பது என்ற பொருளில் சொல்கிறார். பிற்காலத்து மகாயான அறிஞர்கள் அந்த விதையிலிருந்து மூன்று காயங்கள் (உடல்கள்) என்ற கொள்கையை வளர்த்தார்கள். கபிலவஸ்துவில் வளர்ந்து, எண்பது வயதில் இறந்த மனிதர் நிர்மாணகாயம் (தோற்ற உடல்). தியானத்தில் தோன்றும் ஒளியுருவம் சம்போககாயம் (அனுபவ உடல்). விழிப்பு என்ற உண்மையே தர்மகாயம் (அற உடல்). அசங்கர், வசுபந்து போன்ற யோகாசார ஆசிரியர்கள் இதைச் செப்பனிட்டார்கள். அந்தப் பள்ளியின் பெரிய உரையாசிரியர், நாலந்தாவுக்குத் தலைமை தாங்கிய தர்மபாலர், நம் காஞ்சிக்காரர்.

மோகன ராகத்தை ஒருவர் பாடுகிறார் என்று வையுங்கள். பாடகர் போனபிறகு மோகனம் போய்விடுகிறதா? அவர் அதை உண்டாக்கவுமில்லை. ஆனால் அவர் தொண்டை இல்லாமல் நம் காதுக்கு அது வந்திருக்காது. தர்மகாயத்துக்கும் கௌதமருக்கும் உள்ள உறவை நான் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லி வருகிறேன்.

வச்சிரயானம் (மந்திர வழிப் பௌத்தம்) இங்கே ஒரு துணிச்சலான காரியம் செய்தது. தர்மகாயம் பேசாது, அதற்கு உருவமில்லை என்பதே அதுவரை பொதுக் கருத்து. இல்லை, அது எப்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கிறது, உருவமும் உண்டு, நமக்குத்தான் காது இல்லை என்றார்கள் இவர்கள். அந்த உருவம்தான் மகாவைரோசனர். அவரைச் சுற்றி நான்கு திசைக்கும் நான்கு புத்தர்கள்: கிழக்கே அட்சோபியர், தெற்கே ரத்னசம்பவர், மேற்கே அமிதாபர், வடக்கே அமோகசித்தி. தம்பி சொன்ன ஐந்து இதுதான். ஊருக்கு ஊர் நிறமும் பெயரும் கொஞ்சம் மாறும். திபெத்தில் ஒரு மாதிரி, ஜப்பானில் ஒரு மாதிரி.

ஐந்து எதற்கு? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் தம்பி விடியற்காலையில் என்ன செய்கிறான் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. மனிதனைக் கெடுக்கும் ஐந்து நஞ்சுகள் என்று சினம், செருக்கு, ஆசை, பொறாமை, அறியாமை ஆகியவற்றைச் சொல்வார்கள். பழைய வழி இவற்றை வெட்டி எறி என்றது. மந்திர வழியோ அந்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அறிவு கெட்டுப்போய்க் கிடக்கிறது என்றது. சினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம் வரும்போது நமக்கு ஒரு விஷயம் கூர்மையாகத் தெரிகிறது, "இது தப்பு" என்று. அந்தக் கூர்மை உண்மை. அதோடு "என்னையா இப்படிச் செய்தான்" என்ற எரிச்சல் ஒட்டிக்கொள்வதால் நஞ்சாகிறது. எரிச்சல் கழன்றால் மிஞ்சுவது, எதிரே உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டும் கண்ணாடி அறிவு. அதற்கு வைத்த உருவம்தான் அட்சோபியர். சினத்தை விட்டேன் என்று சபதம் செய்த துறவியைச் சினத்துக்கான புத்தராகவே அமர்த்தியதில் ஓர் அழகு இருக்கிறது. இதேபோலச் செருக்கு சமநோக்காகிறது, அது ரத்னசம்பவர். ஆசை நுட்பமாகப் பிரித்தறியும் அறிவாகிறது, அது அமிதாபர். மற்ற இரண்டையும் தம்பியையே சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

விரல்களைப் பின்னுவது முத்திரை, முணுமுணுப்பது மந்திரம், மனத்தில் காண்பது உருவம். மெய், வாக்கு, மனம் மூன்றையும் புத்தருடையதாக வைத்துப் பழகுவதுதான் ஷிங்கோனின் சாரம். இந்த உடம்போடேயே, இந்தப் பிறவியிலேயே புத்தராகலாம் என்பது அதன் நிறுவனர் கூக்காயின் வாதம். வைரோசனரைக் கும்பிட்டு வரம் கேட்பது அல்ல இந்தப் பயிற்சி. தன்னை வைரோசனராகக் காண்பது.

அந்த வாளேந்தியவர் பெயர் அசலர், ஜப்பானியத்தில் ஃபுதோ. அவர் தனித் தெய்வம் இல்லை, வைரோசனரின் சீற்ற வடிவம். வாள் அறியாமையை வெட்ட, கயிறு தறிகெட்டு ஓடுகிறவனைக் கட்டி இழுத்துவர. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்பவரைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த முகம் அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. ஹோமத்தைப் பொறுத்தவரை உங்கள் தம்பி சொன்னது சரி. கோமா என்று அங்கே செய்கிறார்கள். சொல்லும் சடங்கும் இந்தியாவிலிருந்து போனவையே. வெளியே விறகு எரியும்போது உள்ளே மனத்தின் அழுக்கு எரிவதாகத் தியானிக்க வேண்டும் என்று விளக்கம் தருவார்கள். அந்த விளக்கம் உங்கள் அப்பாவுக்குப் போதவில்லை என்றால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். வேள்வியை மறுத்துப் பேசியவரின் பெயரால் வேள்வி நடப்பது எனக்கே நெருடல்தான்.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒரு செய்தி. தம்பி மாட்டியிருக்கும் ஒன்பது கட்டப் படத்துக்கு வச்சிரதாது மண்டலம் என்று பெயர். அதன் மரபைச் சீனத்துக்குக் கொண்டுபோனவர் வஜ்ரபோதி. கி.பி. 671இல் பிறந்தவர். பிறந்த இடம் தெற்கே பொதியிலை அடுத்த மலைய நாடு என்று அவரைப் பற்றிய சீன வரலாறுகளில் ஒன்று சொல்கிறது. காஞ்சியில் இரண்டாம் நரசிம்மவர்மனின் ஆதரவில் இருந்திருக்கிறார். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே இராசசிம்மன்தான். ஊரில் மழை பொய்த்தபோது மன்னன் வஜ்ரபோதியை வேண்டிக்கொண்டான், மழை வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மழை எப்படி வந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. சிவனுக்குக் கற்றளி எடுத்தவன் பௌத்த மந்திரவாதியையும் மதித்தான் என்பதுதான் எனக்கு முக்கியம். அங்கிருந்து இலங்கை, பிறகு ஸ்ரீவிஜயம், 720 வாக்கில் சீனத்துக் குவாங்சோ. 741இல் லோயாங் நகரில் காலமானார். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ, ஹுய்குவோவிடம் 805இல் தீட்சை பெற்றவர் கூக்காய். கூக்காய்க்கும் கண்ணைக் கட்டித்தான் பூப்போடச் சொன்னார்கள். ஷிங்கோனின் இரண்டு மண்டலங்களிலுமே அவர் பூ மகாவைரோசனர் மேல் விழுந்தது என்பது அந்த மரபின் புகழ்பெற்ற கதை. உங்கள் தம்பி செய்தது அந்தச் சடங்கின் எளிய வடிவம்.

ஷிங்கோனின் எட்டு ஆசிரியர் வரிசையில் வஜ்ரபோதி ஐந்தாமவர். ஜப்பானியர் அவரைக் கொங்கோச்சி என்பார்கள். பூந்தமல்லி வழியாகப் பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய ஒரு படம், சீனம் சுற்றி, ஜப்பானில் ஆயிரம் ஆண்டு தங்கி, உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் கேட்டால் அப்பாவின் புருவம் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் இந்த மரபு எத்தனை ஆழம் ஓடியது என்பதற்கு இன்னும் சான்றுகள் உண்டு. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல் அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம்தான் என்கிறது. அவலோகிதர் அமிதாபரின் குடும்பத்துப் போதிசத்துவர் (புத்தநிலைக்காக உறுதிபூண்டவர்). அதற்கும் முன்னால், 1006 வாக்கில், ஸ்ரீவிஜயத்துச் சைலேந்திர மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று இன்று சொல்லப்படுவதில் அது இருக்கிறது. அந்தச் சைலேந்திரர் குலம்தான் ஜாவாவில் போரோபுதூரை எழுப்பியது. போய்ப் பார்த்தால் கிழக்குப் பக்கம் முழுக்க நிலத்தைத் தொடும் கையோடு அட்சோபியர், மேற்கே தியானக் கையோடு அமிதாபர் என்று கல்லிலேயே உங்கள் தம்பியின் படம் விரிந்து கிடக்கும். அங்கே 460 சிற்பப் பலகைகளில் சுதனன் என்ற வணிகர் மகன் ஆசிரியர்களைத் தேடி அலையும் கதை வருகிறது. அவன் தெற்கே வந்து சந்திப்பவர்களில் மேகர் என்ற திராவிட நாட்டவரும் ஒருவர்.

உங்கள் பக்கத்து ஊர்க் குன்றத்தூர்ச் சேக்கிழாரைக்கூட இங்கே நினைக்கலாம். காஞ்சியில் பௌத்த வேடத்திலேயே இருந்துகொண்டு சிவனைக் கல்லால் அருச்சித்த சாக்கிய நாயனாரை அவர் பாடியிருக்கிறார். சேக்கிழாரின் நோக்கம் வேறு, ஆனால் காஞ்சியில் காவித் துவராடை எவ்வளவு சகஜமாக இருந்தது என்பது அந்தக் கதைக்குள் தெரிகிறது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். இது கடவுளா, இல்லையா?

நேர்மையாகச் சொன்னால், கும்பிடுகிறவர்கள் பலர் கடவுளாகத்தான் கும்பிடுகிறார்கள். அமிதாபரிடம் பிள்ளை நலம் கேட்கும் பாட்டிகள் கிழக்காசியா முழுக்க உண்டு. ஆதிபுத்தர் என்று ஒரு மூலப் புத்தரைப் பேசும் மரபுகளும் உண்டு. 1820களில் நேபாளத்தில் இருந்த ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதியவற்றைப் படித்து, ஐரோப்பாவில் பலர் ஆதிபுத்தரைப் படைப்புக் கடவுள் போலவே புரிந்துகொண்டார்கள். ஆனால் நூல்கள் சொல்லும் வைரோசனர் உலகைப் படைப்பதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, யாரையும் தண்டிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதை உங்கள் அப்பா ரசிப்பார். வேதத்திலும் பிரபஞ்ச அளவான ஒரு புருஷன் வருகிறான். அவன் வாயிலிருந்து ஒரு வருணம், காலிலிருந்து ஒரு வருணம் என்று அந்த உடம்பே படிக்கட்டாக இருக்கிறது. கூக்காய் விளக்கும் வைரோசனர் உடம்பு ஆறு பூதங்களால் ஆனது: நிலம், நீர், தீ, காற்று, வெளி, உணர்வு. அதே ஆறும்தான் அரசனிடமும், குப்பை அள்ளுகிறவரிடமும், நாயிடமும் இருக்கின்றன. அந்த உடம்பில் தலைக்கு ஒரு சாதி, காலுக்கு ஒரு சாதி இல்லை. பிரபஞ்சத்தை ஓர் உடலாகக் காண்பதிலேயே இரண்டு வழி உண்டு. எந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அப்பாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கொள்கை சமத்துவம் பேசினால் நடைமுறையும் தானாகச் சமத்துவமாகிவிடாது. ஜப்பானில் புரகுமின் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். தோல் வேலை, பிண வேலை செய்தவர்களின் வழிவந்தவர்கள். பௌத்தக் கோயில்கள் அவர்கள் இறந்தபின் சூட்டும் பெயரில்கூட இழிவைப் பொறித்து வைத்தன. எல்லாருக்குள்ளும் புத்தர் இருக்கிறார் என்று போதித்த கோயில்களே அதைச் செய்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வெளியே வந்து, பல பிரிவுகள் தலைகுனிய நேர்ந்தது. உங்கள் தம்பிக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா சொல்லலாம். அவரைவிட அதைச் சொல்லத் தகுதியுள்ளவர் உங்கள் வீட்டில் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. படத்தைக் கழற்றாதீர்கள், கழற்றினால் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான், அவ்வளவுதான் நடக்கும். அவன் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் என்ன செய்கிறாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். யாருக்காவது மாதாமாதம் பணம் அனுப்புகிறானா என்று கேளுங்கள். போன் வழியாகவே தீட்சை தருகிறேன், உயர்ந்த மந்திரம் தருகிறேன், இத்தனை ரூபாய் என்று வருகிறவர்கள் இப்போது எல்லா மதத்திலும் உண்டு. கோயாசான் மரபில் ஆழ்ந்த பயிற்சி என்பது குருவின் எதிரே அமர்ந்து ஆண்டுக்கணக்கில் கற்பது. யாரிடமும் சொல்லாதே, குடும்பத்தை விடு என்று எவராவது அவனிடம் சொன்னால் அங்கே உஷாராகுங்கள். தூக்கம் கெடுகிறதா, வேலைக்கு ஒழுங்காகப் போகிறானா, சாப்பிடுகிறானா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், அவன் அதிகாலையில் எழுகிறான் என்பதற்காக நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. குரல்கள் கேட்கின்றன, யாரோ தன்னை ஆட்டுவிக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அதற்கும் படத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அம்மாவிடம், அந்த வாளேந்தியவர் காவல் உருவம் என்று சொல்லுங்கள். மணிமேகலையில் கடல்காக்கும் மணிமேகலா தெய்வம் வருகிறாளே, அந்த மாதிரி. அந்தக் காவியத்திலும் காவலுக்குத் தெய்வங்கள் உண்டு, படைப்புக்கு இல்லை.

அப்பாவையும் தம்பியையும் பேச வைக்க என்னிடம் ஒரே ஒரு யோசனை இருக்கிறது. இருவரையும் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏற்றி எழும்பூருக்கு அனுப்புங்கள். பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. 1856 முதல் மண்ணிலிருந்து கிடைத்தவை சுமார் 350; அவற்றில் பலவற்றைச் சென்னையிலேயே வைத்தார்கள், டி. என். இராமச்சந்திரன் 1954இல் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவலோகிதர் உருவத்தின் மகுடத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்புறம் சிறியதாக ஒருவர் தியானத்தில் அமர்ந்திருப்பார். அவர்தான் அமிதாபர். சோழநாட்டில் வார்த்தது. காஞ்சிக் காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த ஆளுயரத்துக்கும் மேலான கல் புத்தரும் அதே வளாகத்துக்கு வந்தவர்தான். அவரை அப்பா பார்க்கட்டும். முடித்துவிட்டு, எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்தில் மகாபோதி சங்க விகாரைக்குப் போகலாம். அங்கிருப்பவர்கள் தேரவாதத் துறவிகள். மகன் சொல்வது எவ்வளவு தூரம் புத்தர் சொன்னது என்று அப்பா அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும். அவர்கள் அப்பா பக்கம் பேசினாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு நாளில் போகச் சொல்லுங்கள்.